50 வயதில் 200 ரன்!
சமஸ்தான கோஷ்டியை நடத்திய கர்னல் சி.கே.நாயுடு

ஐம்பது வயது என்றால் நம் வீடுகளில் என்ன நினைக்கிறோம்? மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கும் வயது. முழங்கால் வலிக்குத் தைலம் தேடும் வயது. ஓடியாடி விளையாடும் வயது என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

1946-ம் ஆண்டு. இந்தூர் நகரத்தில் ரஞ்சிக் கோப்பையின் இறுதிப் பந்தயம் நடந்தது. ஒரு பக்கம் பரோடா கோஷ்டி. இன்னொரு பக்கம் ஹோல்கார் கோஷ்டி. ஹோல்கார் காப்டன் மட்டையை எடுத்துக்கொண்டு மைதானத்துக்குள் நடந்தார். நெடிய உருவம். விறைப்பான நடை. அவருக்கு வயது 50 நிறைந்திருந்தது.

அவர் அந்த ஆட்டத்தில் ஒரே இன்னிங்சில் 200 ரன் எடுத்தார். ஹோல்கார் ஜெயித்தது. எத்தனை ரன் வித்தியாசம் தெரியுமா? 56 ரன்தான். கிழவரின் இரட்டைச் சதம் இல்லையென்றால் கோப்பை பரோடாவுக்குப் போயிருக்கும்!

அவர்தான் சி.கே.நாயுடு.

நாயுடு என்ற பெயரைக் கேட்டதும் நம் பக்கத்துக்காரரோ என்று தோன்றும். பூர்வீகம் ஆந்திரப் பக்கம். ஆனால் அவருடைய குடும்பம் அவர் பிறப்பதற்கு முன்பே நாகபுரிக்குப் போய்விட்டது. பாட்டனார் பெரிய வக்கீல், நிலபுலன் உள்ளவர். தகப்பனாரும் வக்கீல். 1895-ம் ஆண்டு அக்டோபர் 31-ந் தேதி பிறந்த குழந்தைக்குக் கனகய்யா என்று பெயர் வைத்தார்கள். கோட்டாரி என்பது குடும்பப் பெயர். இரண்டின் முதல் எழுத்துக்களும் சேர்ந்து சி.கே. ஆயின. நாடு முழுவதும் இந்த இரண்டு எழுத்தைச் சொன்னால் போதும் என்று ஒரு காலம் வந்தது.

பையன் பள்ளிக்கூட நாளிலேயே கிரிக்கெட்டில் கெட்டி. 1916-ல் பம்பாயில் இந்துக்கள் கோஷ்டிக்காக ஐரோப்பியரை எதிர்த்து ஆட அழைப்பு வந்தது. பெரிய பந்தயத்தில் அதுதான் முதல் ஆட்டம். முதல் மூன்று பந்தைத் தடுத்தார். நாலாவது பந்தைத் தூக்கி எல்லைக்கு வெளியே அடித்தார். சிக்சர்!

11 சிக்சர்கள்

அந்தக் காலத்தில் வெள்ளைக்காரன் ஆட்டம் என்றுதான் கிரிக்கெட்டுக்குப் பெயர். நம்மவர்கள் ஆடினாலும், அவர்களைப் பார்த்துப் படித்துக்கொண்ட மாதிரி அடக்கமாக ஆட வேண்டும் என்று எண்ணம். அந்த எண்ணத்தை நாயுடு ஒரே நாளில் உடைத்தார்.

1926-ம் ஆண்டு டிசம்பர் மாதம், லண்டன் எம்.சி.சி. கோஷ்டி கில்லிகன் தலைமையில் பம்பாய்க்கு வந்திருந்தது. அந்தக் கோஷ்டியில் எர்ல் என்று ஒருவர். அவர் 8 சிக்சர் அடித்து 130 ரன் எடுத்தார். கூட்டம் வாயைப் பிளந்தது. மறுநாள் இந்துக்கள் ஆட்டம். நாயுடு இறங்கினார். 116 நிமிஷம் ஆடினார். 153 ரன். அதில் 11 சிக்சர், 13 பவுண்டரி! எம்.சி.சி.க்காரர்களே அவருக்கு வெள்ளி மட்டை ஒன்றைப் பரிசாகக் கொடுத்தார்கள்.

இந்தியர்களுக்கு ஆடத் தெரியும், டெஸ்ட் பந்தயத்தில் சேர்த்துக்கொள்ளலாம் என்று கில்லிகன் ஊக்கம் கொடுத்தார். 1928-ல் இந்திய கிரிக்கெட் போர்டு உண்டாயிற்று. 1932-ல் இந்தியக் கோஷ்டி முதல் டெஸ்ட் பந்தயம் ஆட லண்டனுக்குக் கப்பல் ஏறியது.

காப்டன் யார்? நாயுடுதானே என்று நினைப்பீர்கள். இல்லை! போர்பந்தர் மகாராஜா காப்டன். லிம்ப்டி இளவரசர் உப காப்டன். செலவுக்குப் பணம் கொடுப்பவர்களும் செல்வாக்கு உள்ளவர்களும் ராஜாக்கள். ஆகவே தலைமையும் ராஜாக்களுக்கே. ஆட்டம் தெரியுமா என்பது அடுத்த கேள்வி.

போர்பந்தர் மகாராஜாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். தன் ஆட்டம் போதாது என்று அவருக்கே தெரிந்திருந்தது. லிம்ப்டி இளவரசருக்கோ அடிபட்டிருந்தது. ஆகவே ஜூன் 25-ந் தேதி லார்ட்ஸ் மைதானத்தில் தொடங்கிய அந்த முதல் டெஸ்டுக்கு நாயுடுவைக் காப்டன் ஆக்கினார்கள். ராஜ குடும்பத்தில் பிறக்காத ஒருவர் தலைமை தாங்குவது கோஷ்டிக்குள்ளேயே சிலருக்குப் பிடிக்கவில்லை. முணுமுணுத்தார்கள். நாயுடு அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

ஆட்டம் தொடங்கியது. இங்கிலாந்து 19 ரன் எடுப்பதற்குள் 3 விக்கெட்டுகள் காலி! முகமது நிசார் ஓடி வந்து போட்ட வேகப் பந்தைக் கண்டு லண்டன் ரசிகர்கள் மிரண்டார்கள். பந்தைத் தடுக்கப் போய் நாயுடுவின் கையில் பலத்த அடி. அந்தக் கையோடு 40 ரன் எடுத்தார். இந்தியாவின் முதல் இன்னிங்சில் அதுதான் அதிகம். முடிவில் 158 ரன்னில் இந்தியா தோற்றது. ஆனால் அந்தச் சுற்றுப் பயணம் முழுவதிலும் அவர் 1,618 ரன் எடுத்து, 65 விக்கெட்டும் சாய்த்தார். கிரிக்கெட்டுக்குப் பஞ்சாங்கம் மாதிரி இங்கிலாந்தில் விஸ்டன் என்று ஓர் ஆண்டுப் புத்தகம் உண்டு. 1933-ம் ஆண்டு விஸ்டன் தேர்ந்தெடுத்த ஐந்து சிறந்த ஆட்டக்காரர்களில் நாயுடுவும் ஒருவர்.

சேப்பாக்கத்தில்

1934 பிப்ரவரி மாதம் நம் சென்னையில் முதல் தடவையாக டெஸ்ட் பந்தயம் நடந்தது. சேப்பாக்கம் மைதானம். அன்றைக்கும் இந்தியக் காப்டன் நாயுடுதான். அமர்சிங் ஒரே இன்னிங்சில் 7 விக்கெட் எடுத்தும் பலன் இல்லை. 202 ரன் வித்தியாசத்தில் தோல்வி. அதே ஆண்டு நவம்பரில் அதே மைதானத்தில்தான் ரஞ்சிக் கோப்பையின் முதல் பந்தயமும் நடந்தது. சென்னையும் மைசூரும் மோதின. ஒரே நாளில் ஆட்டம் முடிந்துவிட்டது. சென்னை ஜெயித்தது.

நாயுடுவுக்குப் பொல்லாத காலம் 1936-ல் வந்தது. மறுபடி இங்கிலாந்துப் பயணம். விஜயநகரம் மகாராஜ குமாரர் காப்டன் ஆனார். விஜி என்று எல்லோரும் அழைப்பார்கள். பணத்தைத் தண்ணீராகச் செலவழிப்பவர். தலைமைப் பதவியில் அவருக்கு ஆசை அதிகம். போர்பந்தர் மகாராஜா தானாகவே ஒதுங்கிக்கொண்டாரே, அந்த மனசு விஜிக்கு இல்லை. மூன்று டெஸ்டிலும் அவரே காப்டனாக நின்றார். மூன்று டெஸ்டுக்கும் சேர்த்து அவர் எடுத்தது 33 ரன்! நடுவில் அவருக்கு சர் பட்டமும் கிடைத்தது.

கோஷ்டி இரண்டாகப் பிளந்தது. நன்றாக ஆடிக்கொண்டிருந்த அமர்நாத்தை ஒழுங்கு நடவடிக்கை என்று பாதியிலேயே ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். நாயுடு, தன்னைவிட எவ்வளவோ குறைந்த ஆட்டக்காரரின் கீழே சாதாரண ஆட்டக்காரராக ஆடினார். கடைசி டெஸ்ட் ஓவல் மைதானத்தில் நடந்தது. ஆல்லன் போட்ட வேகப் பந்து நாயுடுவின் வயிற்றில் தாக்கியது. வலியைப் பொறுத்துக்கொண்டு 81 ரன் எடுத்தார்.

அதுவே அவருடைய கடைசி டெஸ்ட். அப்போது வயது 40. பிறகு உலக யுத்தம் வந்தது. இந்தியாவுக்குப் பத்து வருஷம் டெஸ்ட் பந்தயமே கிடையாது. மொத்தம் அவர் ஆடிய டெஸ்ட் ஏழு. எடுத்த ரன் 350. புள்ளிக் கணக்கை மட்டும் பார்ப்பவர்கள் இவரைச் சாதாரண ஆட்டக்காரர் என்று நினைத்துவிடுவார்கள்.

வேறு யாராக இருந்தாலும் மட்டையைப் பரண்மேல் போட்டிருப்பார்கள். நாயுடுவின் பெரிய கதை அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது.

சமஸ்தானச் சம்பளம்

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும். அமெரிக்காவில் பேஸ்பால் என்று ஒரு பந்தாட்டம். அதை ஆடுகிறவர்களுக்கு அதுவே உத்தியோகம். கோஷ்டி முதலாளிகள் சம்பளம் கொடுப்பார்கள். இங்கிலாந்திலும் கிரிக்கெட்டைக் கூலிக்கு ஆடுகிறவர்கள் உண்டு. ஆனால் அவர்களைப் பெரிய மனிதர்களோடு சமமாக வைக்க மாட்டார்கள். ஒரே கோஷ்டியில் ஆடினாலும் தனி அறை, தனி வாசல்! 1962 வரையில் இந்தப் பேதம் இருந்தது.

நம் நாட்டில் வேறு வழி. ராஜாக்கள் ஆட்டக்காரர்களுக்குச் சமஸ்தானத்தில் உத்தியோகம் கொடுத்தார்கள். சமஸ்தானம் என்றால் என்ன என்று புதுக்கோட்டைச் சீமைக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. வல்லத்திராக்கோட்டை, ஆலங்குடிப் பக்கத்தில் தாத்தா பாட்டிகளைக் கேட்டால் தொண்டைமான் ராஜா காலத்துக் கதைகளைச் சொல்வார்கள். அதுபோல வடக்கே இந்தூரைத் தலைநகராகக் கொண்டது ஹோல்கார் சமஸ்தானம்.

நாயுடுவை இந்தூருக்கு அழைத்தவர் துக்கோஜி ராவ் ஹோல்கார் மகாராஜா. 1923-ல் தம் சேனையில் காப்டன் பதவி கொடுத்தார். நாயுடு பின்னால் கர்னல் ஆனார். வேலை சிப்பாய் வேலை, பெயர் கிரிக்கெட்டில். அவருக்குப் பின் பட்டத்துக்கு வந்த யஷ்வந்த் ராவ் ஹோல்காரும் ஆட்டக்காரர்களை ஆதரித்தார். ஆனால் விஜியைப் போல இவர் காப்டன் பதவிக்கு ஆசைப்படவில்லை. சம்பளத்தைக் கொடுத்துவிட்டுக் கோஷ்டியை நாயுடுவிடம் விட்டுவிட்டார். இது சின்ன விஷயம் அல்ல.

நாயுடு கையில் கோஷ்டி பட்டாளம் ஆயிற்று. நேரம் தவறக் கூடாது. உடுப்பில் அழுக்கு இருக்கக் கூடாது. கைவலி, கால்வலி என்று சாக்குச் சொல்லக் கூடாது. சிரித்துப் பேசுகிற மனிதர் அல்ல. அவரைக் கண்டு நடுங்கினவர்கள் உண்டு. மனத்துக்குள் திட்டினவர்களும் உண்டு. நம் கண்ணுக்கும் சில சமயம் அவர் கொஞ்சம் அதிகமாகவே கடுமை காட்டினார் என்றுதான் படுகிறது. ஆனால் பிறரிடம் கேட்டதைத் தானும் செய்தார். 1951-52 வாக்கில் பம்பாயோடு நடந்த ஆட்டத்தில் பட்கர் போட்ட பந்து அவருடைய வாயில் பட்டது. இரண்டு பல் போய்விட்டது. டாக்டர் வேண்டாம் என்று ஒதுக்கிவிட்டு, வேகத்தைக் குறைக்காமல் போடும்படி பட்கருக்குச் சொல்லி ஆட்டத்தைத் தொடர்ந்தார் என்பது இன்றும் பேசப்படும் கதை. வயது அப்போது 56!

ஆள் பொறுக்குவதிலும் அவர் கெட்டிக்காரர். இந்தூர்த் தெருப் பையன் முஷ்டாக் அலியிடம் சரக்கு இருப்பதைக் கண்டுகொண்டு வளர்த்தவர் அவர். அந்தப் பையன் 1936-ல் மான்செஸ்டர் நகரில் 112 ரன் அடித்து, வெளிநாட்டில் டெஸ்ட் சதம் எடுத்த முதல் இந்தியன் ஆனான். பிறகு சந்து சர்வாதே வந்தார். இவர் கைரேகை நிபுணரும்கூட! தம்பி சி.எஸ்.நாயுடு வந்தார். ஜகதாலே, நிம்பால்கர், ஹீராலால் கெய்க்வாட் என்று வரிசையாக ஆட்கள் சேர்ந்தார்கள்.

1945-ல் இந்தக் கோஷ்டி இறுதிப் பந்தயத்துக்கு வந்தது. எதிரே பம்பாய். இந்தூருக்குப் பக்கத்தில் மோவ் ராணுவ முகாமில் இருந்த ஆங்கிலேய ஆட்டக்காரர் டெனிஸ் காம்ப்டனும் ஹோல்காருக்கு ஆடினார். இரண்டு பக்கமும் சேர்ந்து அந்த ஆட்டத்தில் 2,078 ரன் குவிந்தது. தம்பி சி.எஸ்.நாயுடு மட்டும் 917 பந்து போட்டார். கை என்ன பாடுபட்டிருக்கும்! முஷ்டாக் இரண்டு இன்னிங்சிலும் சதம். காம்ப்டன் அவுட் ஆகாமல் 249. இத்தனைக்கும் பிறகு 374 ரன்னில் ஹோல்கார் தோற்றது.

யுத்தம் முடிந்தது. அடுத்த பருவம் 1945-46. அதுதான் நாயுடுவின் பருவம்.

அரை இறுதியில் மைசூர் வந்தது. ஹோல்கார் முதலில் மட்டை பிடித்தது. மைசூர்க்காரர்கள் பந்தைத் துரத்தினார்கள், துரத்தினார்கள், துரத்திக்கொண்டே இருந்தார்கள். பண்டார்கர் 142. சர்வாதே 101. ஜகதாலே 164. நாயுடு 101. நிம்பால்கர் 172. பிரதாப் சிங் 100. ஒரே இன்னிங்சில் ஆறு பேர் சதம்! எட்டு விக்கெட்டுக்கு 912 ரன் எடுத்த பிறகுதான் நாயுடுவுக்கு மனம் வந்தது, ஆட்டத்தை முடித்துக்கொண்டார். பிறகு சர்வாதே பந்து போட்டார். ஒரே இன்னிங்சில் 61 ரன் கொடுத்து 9 விக்கெட்! ஹோல்காருக்கு இன்னிங்ஸ் வெற்றி.

இந்த ஆறு பேரில் நிம்பால்கர் கதை தனிக் கதை. 1948-ல் அவர் மகாராஷ்டிரக் கோஷ்டிக்காகப் பூனாவில் 443 ரன் எடுத்து நின்றார். அப்போது உலக ரிக்கார்டு பிராட்மனுடைய 452. இன்னும் பத்து ரன் வேண்டும். எதிர்க் கோஷ்டியான கத்தியவாருக்குக் காப்டன் ராஜ்கோட் சமஸ்தானத்து ராஜா. இதற்குமேல் ஆட முடியாது என்று கோஷ்டியைக் கூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்! ராஜாக்களில் எத்தனையோ வகை.

அரை இறுதிக்குப் பிறகு இறுதி. அதில் பரோடாவை எதிர்த்து நாயுடு எடுத்த 200 ரன்னைத்தான் தொடக்கத்தில் பார்த்தோம். ஹோல்காருக்கு அதுதான் முதல் ரஞ்சிக் கோப்பை.

அதே 1946 கோடையில் இந்தியக் கோஷ்டி மறுபடி இங்கிலாந்து போயிற்று. காப்டன் பட்டோடி நவாப். நல்ல ஆட்டக்காரர்தான், குறை சொல்ல முடியாது. முஷ்டாக் போனார். சர்வாதே போனார், லண்டனில் சர்ரே கோஷ்டியை எதிர்த்து, கடைசி ஆளாக வந்த பானர்ஜியுடன் சேர்ந்து 249 ரன் எடுத்து வெள்ளைக்காரர்களைத் திகைக்க வைத்தார். இவர்களை ஆட்டிவைத்த நாயுடு போகவில்லை.

பரோடாவும் சும்மா இருக்கவில்லை. அடுத்த வருஷமே வட்டியும் முதலுமாகத் திருப்பிக் கொடுத்தது! 1947 இறுதிப் பந்தயத்தில் குல் முகமது 319, விஜய் ஹசாரே 288. இருவரும் ஒரே ஜோடியாக 577 ரன் சேர்த்தார்கள். ஹோல்கார் கோஷ்டி வெயிலில் வாடியது. இன்னிங்சும் 409 ரன்னும் வித்தியாசத்தில் தோல்வி. 51 வயதில் இதையும் நாயுடு பார்த்தார். மறு வருஷம் இறுதியில் பம்பாயை 9 விக்கெட்டில் தோற்கடித்தார்!

1948-ல் சமஸ்தானங்களின் காலம் முடிந்தது. மார்ச் 3-ந் தேதி புதுக்கோட்டை சென்னை மாகாணத்தோடு சேர்ந்தது. ஹோல்கார் ராஜ்யமும் அதே வருஷம் மத்திய பாரதத்தில் கரைந்தது. ராஜ்யம் போயிற்று, கோஷ்டியின் பெயர் மட்டும் போகவில்லை. 1955 வரையில் ஹோல்கார் என்றே ஆடினார்கள். 1945 முதல் 1955 வரை பதினொரு பருவத்தில் பத்துத் தடவை இறுதிப் பந்தயம். நாலு தடவை கோப்பை. கடைசிக் கோப்பை 1953-ல், கல்கத்தாவில் வங்காளத்தை முந்தியபோது வந்தது. அன்றைக்கு நாயுடுவுக்கு 57 வயது.

அதோடு அவர் ஹோல்காரை விட்டு விலகினார். இரண்டு வருஷம் கழித்து, ஹோல்கார் என்ற பெயரில் அந்தக் கோஷ்டி ஆடிய கடைசி இறுதிப் பந்தயத்தில், இந்தூரிலேயே வைத்து அதைத் தோற்கடித்தது யார் தெரியுமா? நம் சென்னை! பாலு அழகண்ணன் தலைமையில் 46 ரன் வித்தியாசத்தில் ஜெயித்துச் சென்னை முதல் தடவையாக ரஞ்சிக் கோப்பையைக் கொண்டுவந்தது.

ஓயாத மட்டை

சர்க்கார் 1956-ல் நாயுடுவுக்குப் பத்மபூஷண் பட்டம் கொடுத்தது. அந்தப் பட்டம் பெற்ற முதல் கிரிக்கெட் ஆட்டக்காரர் அவரே. விளம்பரத்துக்குப் படம் கொடுத்த முதல் ஆட்டக்காரரும் அவர்தான் என்பார்கள். 1941-ல் பாத்கேட் கல்லீரல் டானிக்! பட்டம் வாங்கியவர் வீட்டில் உட்கார்ந்தாரா? 1956-57-ல் உத்தரப் பிரதேசக் கோஷ்டிக்குக் காப்டனாகப் போனார். 61 வயதில் ராஜஸ்தானை எதிர்த்து 84 ரன் எடுத்தார். 1963-ல், 68 வயதில், நாகபுரியில் ஒரு நிதி உதவி ஆட்டத்தில் கடைசியாக மட்டை பிடித்தார். முதல் தரப் பந்தயங்கள் 207. ரன் 11,825. விக்கெட் 411.

1967-ம் ஆண்டு நவம்பர் 14-ந் தேதி இந்தூரில் காலமானார்.

கிரிக்கெட் போர்டு இளைஞர்களுக்கு நடத்தும் ஒரு போட்டிக்கு அவர் பெயர். வாழ்நாள் சாதனைக்குப் போர்டு கொடுக்கும் விருதுக்கும் அவர் பெயர். 1994-ல் அந்த விருதை முதலில் வாங்கியவர், 1936-ல் இங்கிலாந்திலிருந்து பாதியில் திருப்பி அனுப்பப்பட்ட அதே அமர்நாத்!

நாயுடுவின் பெண் சந்திரா, இந்தூரில் கல்லூரி ஆசிரியையாக இருந்தார். 1976-77-ல் எம்.சி.சி. கோஷ்டி இந்தூருக்கு வந்தது. அந்த ஆட்டத்தைக் கேட்கக் காத்திருந்தவர்களுக்கு ஒரு பெண் குரல் கேட்டது. இந்தியாவின் முதல் பெண் கிரிக்கெட் வர்ணனையாளர் அவர்தான். தகப்பனாரைப் பற்றி ஒரு புத்தகமும் எழுதினார். 2021-ல் அவரும் மறைந்தார்.